கலைந்த மந்தைகள்: வம்சாவளி மாடு வளர்த்தவர்கள் ஒதுங்கியபோது நடந்தவை

1810 அக்டோபர் 11ஆம் நாள், இங்கிலாந்தின் வடக்கே டார்லிங்டன் நகருக்குப் பக்கத்திலுள்ள கெட்டன் பண்ணையில் ஓர் ஏலம் நடந்தது. விற்றவர் சார்லஸ் காலிங், வயது 59. ஏலத்துக்கு வந்தவை பசு, கிடேரி, காளை, கன்று எல்லாம் சேர்த்து 47 உருப்படிகள். அவை 7,115 பவுண்டுக்குப் போயின. தலைக்கு 151 பவுண்டுக்குச் சற்று மேல். காமெட் என்ற ஆறு வயதுக் காளையை நான்கு பேர் கூட்டாகச் சேர்ந்து 1,000 கினிக்கு எடுத்தார்கள். ஒரு கினி 21 ஷில்லிங். அந்த நாணயத்தை அச்சிடுவது 1814இலேயே நின்றுபோனது. ஆனால் பிரிட்டனில் வம்சாவளி மாட்டு ஏலங்களில் இன்றைக்கும் கினிக் கணக்கில்தான் கூவுகிறார்கள்.

ஏலத்துக்குப் பிறகு காலிங் 26 ஆண்டுகள் உயிரோடிருந்தார். 1836இல்தான் இறந்தார். ஷார்ட்ஹார்ன் (குறுங்கொம்பு) எனப்படும் இந்த மாட்டினத்தின் வரலாற்றை எழுதியவர்கள் அந்த ஒருநாள் ஏலத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகிறார்கள்; அந்த 26 ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். மாடு இல்லாத மாட்டுக்காரருக்கு வரலாற்றில் இடமில்லை போலும்.

கேள்வி

வாழ்நாள் முழுதும் ஒரு மந்தையைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவர் ஒருநாள் ஒதுங்குகிறார். அவர் உருவாக்கியது அதன்பின் எங்கே இருக்கிறது? விற்றுப்போன மாடுகளின் உடம்பிலா, பதிவேட்டில் அச்சான பெயர்களிலா, அல்லது அவரோடு வீட்டுக்குள் போய்விட்ட கண்ணிலா? இக்கட்டுரை ஆராய்வது இது ஒன்றைத்தான். உதாரணங்களை ஷார்ட்ஹார்ன் என்ற ஒரே இனத்துக்குள் நிறுத்திக்கொள்கிறேன். மாடுகளுக்கென அச்சிட்ட முதல் வம்சாவளிப் பதிவேடு அந்த இனத்துக்குத்தான் உண்டாயிற்று. அதனால் ஒதுங்கியவர்களின் மந்தைகள் யார் கைக்குப் போயின, என்ன ஆயின என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர முடிகிறது.

சொல் பற்றி ஒரு குறிப்பு. வம்சாவளியைக் குறிக்கும் ‘பெடிகிரீ’ என்ற ஆங்கிலச் சொல் கொக்கின் கால் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. குலமரபு வரைபடத்தில் தந்தையிலிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் மூன்று கோடுகள் கொக்குக்காலின் விரல்களைப் போலத் தெரிந்ததால் அப்பெயர். தொடக்கத்தில் அது மனிதர்களின், அதுவும் நிலமும் பட்டமும் உள்ளவர்களின், சங்கதி. குதிரைக்கு 1791இல் பதிவேடு வந்தது, மாட்டுக்கு 1822இல்.

இதுவரை சொல்லப்பட்டது

இந்த வரலாற்றைச் சொன்னவர்கள் இரு வகை. ஒரு வகையினர் மாட்டுக்காரர்களின் பக்கத்திலிருந்து எழுதியவர்கள். சிகாகோவில் கால்நடை வார இதழ் ஒன்றை நடத்திய ஆல்வின் சாண்டர்ஸ் 1900இல் வெளியிட்ட நூலும், ஜேம்ஸ் சின்கிளேர் 1907இல் வெளியிட்ட நூலும் இன்றும் அடிப்படையானவை. இவர்களுடைய பார்வையில் வளர்ப்பவர் ஒரு கலைஞர். கடைசி ஏலம் அவருக்கு நடக்கும் பட்டாபிஷேகம். எத்தனை தலை, சராசரி என்ன, எந்தப் பிரபு வாங்கினார் என்பதையெல்லாம் ருசித்து ருசித்துச் சொல்கிறார்கள். விலை ஏறியிருந்தால் வாழ்க்கை வென்றது என்று பொருள்.

மற்ற வகையினர் பிற்கால வரலாற்றாசிரியர்கள். ஹாரியட் ரிட்வோ 1987இல் வெளியிட்ட நூலில், வம்சாவளி மாடு என்பது மாட்டைவிட அதிகமாக அதன் சொந்தக்காரரின் அந்தஸ்தைப் பேசியது என்று காட்டினார். மார்கரெட் டெரி 2003இல், பதிவேடும் சந்தையும் சேர்ந்து ‘தூய்மை’ என்ற கருத்தை எப்படி ஒரு சரக்காக ஆக்கின என்று ஆராய்ந்தார். இரண்டும் எனக்கு ஏற்புடையவையே. ஆனால் இவ்விருவரின் கவனமும் மந்தை உருவாவதிலும் விற்பனையாவதிலும் நிற்கிறது. மந்தை கலைவதைத் தனி நிகழ்வாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கலைவுதான் இந்தத் தொழிலின் உண்மையான தொடக்கம் என்றுகூடச் சொல்லலாம்: பெயர்பெற்ற ஷார்ட்ஹார்ன் மந்தை எதை எடுத்துக்கொண்டாலும் அதன் அடித்தளத்தில் வேறொருவர் ஒதுங்கியபோது விற்ற மாடு நிற்கிறது.

கெட்டன், 1810

காலிங் சகோதரர்கள் இருவர். மூத்தவர் ராபர்ட் பார்ம்டனிலும் இளையவர் சார்லஸ் கெட்டனிலும் பண்ணை வைத்திருந்தார்கள். லெஸ்டர்ஷயரின் டிஷ்லியில் ராபர்ட் பேக்வெல் நெடுங்கொம்பு மாடுகளிலும் ஆடுகளிலும் செய்துகாட்டிய முறையை இவர்கள் குறுங்கொம்பு மாட்டில் செய்தார்கள். முறை எளிது, துணிச்சல்தான் பெரிது: நல்லதை நல்லதோடு சேர்; அவை இரண்டும் நெருங்கிய இரத்தமாக இருந்தாலும் சேர்; பிறப்பதில் தேறாததைத் தயங்காமல் கழி.

காமெட்டின் பிறப்பைப் பார்த்தால் அந்தத் துணிச்சல் விளங்கும். ஃபேவரிட் என்ற காளையை அதன் தாயான ஃபீனிக்ஸோடு சேர்த்தார் சார்லஸ். பிறந்த கிடேரி யங் ஃபீனிக்ஸ். அதை மீண்டும் அதன் தகப்பனான ஃபேவரிட்டோடு சேர்த்தார். அதில் 1804இல் பிறந்தது காமெட். ஒரு நூற்றாண்டு கழித்து, உள்ளினச்சேர்க்கையை எண்ணால் அளக்கும் முறையை வகுத்த அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட், காமெட்டுக்குக் கணக்குப் போட்டபோது கிடைத்தது ஏறத்தாழ 0.47. அண்ணன் தங்கை உறவில் பிறக்கும் கன்றுக்கு இது 0.25. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

கெட்டன் ஏலத்தில் காமெட்டைவிட என் கவனத்தை இழுப்பது லேடி என்ற 14 வயதுக் கிழப்பசு. சார்லஸ் ஒருசமயம் ஸ்காட்லாந்தின் கொம்பில்லாத காலோவே இனப் பசு ஒன்றின் இரத்தத்தைத் தன் மந்தையில் கலந்தார். அந்தக் கலப்பு வழியில் வந்தது லேடி. ‘உலோகக் கலப்பு’ என்று பொருள்படும் ‘அல்லாய்’ என்ற பட்டப்பெயரை அந்த வழிக்குப் பின்னால் போட்டிக்காரர்கள் சூட்டினார்கள். பொன்னில் செம்பு கலந்ததுபோல என்ற கேலி. ஆனால் ஏலத்தன்று லேடி 206 கினிக்குப் போயிற்று. 14 வயதுப் பசுவிடம் இன்னும் எத்தனை ஈற்றை எதிர்பார்க்க முடியும்? அதன் மகள் கவுன்டெஸ் 400 கினி. கண்ணெதிரே நிற்கும் மாட்டைப் பார்த்துக் கை தூக்கியவர்கள் 1810இல் இருந்தார்கள். தூய்மை என்ற அளவுகோல் அப்போது இன்னும் அச்சாகவில்லை.

அதே ஏலத்தில் தாமஸ் பேட்ஸ் என்பவர் யங் டச்சஸ் என்ற கிடேரியை 183 கினிக்கு வாங்கினார். காமெட்டின் மகள் அது. யாரும் அன்று அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அண்ணன் ராபர்ட்டின் கதையை நீட்ட வேண்டியதில்லை. அவர் 1818இல் 61 உருப்படிகளை ஏலம் விட்டார், 1820இல் இறந்தார், மிச்சமிருந்தவையும் அந்த ஆண்டே விலைபோயின.

பதிவேட்டில் ஏறாதவை

சகோதரர்களின் மந்தைகள் நாலா திசையிலும் சிதறியதும் ஒரு புதிய சிக்கல் தோன்றியது. காலிங் பண்ணையில் நின்றவரை ஒரு மாட்டின் தாய் தகப்பன் யார் என்பது காலிங்குக்குத் தெரியும். மாட்டைப் பார்த்துக்கொண்டவனுக்குத் தெரியும். கொங்கு நாட்டுச் சந்தையில் ‘எந்தக் கட்டுத்தறி மாடு?’ என்று கேட்டால் அந்தக் கட்டுத்தறியின் பேரே சான்றாவதைப்போல, பண்ணையின் பெயரே பத்திரமாக இருந்தது. பண்ணை கலைந்தபின் அந்தப் பத்திரம் செல்லாது. யார் வேண்டுமானாலும் தன் மாட்டைக் ‘கெட்டன் வழி’ என்று சொல்லிக்கொள்ளலாம். 1822இல் ஜார்ஜ் கோட்ஸ் வெளியிட்ட பதிவேடு இந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தது. மாட்டு வம்சாவளிப் பதிவேடு என்ற ஏற்பாடே, ஒருவகையில், ஒதுங்கிப்போனவர்களின் நினைவுக்கு ஒரு மாற்று.

அந்த மாற்று எதைப் பிடித்தது, எதை விட்டது? காளைகளுக்கு எண் உண்டு: காமெட் 155, ஃபேவரிட் 252. தகப்பனுக்குப் பெரிய எண்ணும் மகனுக்குச் சிறிய எண்ணும் வந்த காரணம், முதல் தொகுதியில் காளைகளை அகரவரிசையில் அடுக்கி எண் கொடுத்ததுதான். பிறந்த வரிசை அதில் இல்லை. பசுக்களுக்கு எண்ணே இல்லை. தொடக்க கால வம்சாவளி வரிகள் பலவற்றில் தாய்க்குப் பெயரும் இராது. ‘இன்ன காளைக்குப் பிறந்த தாய், அவளுடைய தாய் இன்ன காளைக்குப் பிறந்தவள்’ என்று காளைகளின் பெயராகவே நீண்டு போகும். வளர்த்தவர் பெயர் உண்டு, சொந்தக்காரர் பெயர் உண்டு, நிறம் உண்டு, பிறந்த நாள் உண்டு. தொழுவத்தில் இரவு விழித்துக் கன்றை வெளியே எடுத்தவனுக்குப் பத்தி இல்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமான விடுபாடு வேறு. கழித்துக் கட்டிய மாடுகள் பதிவேட்டில் ஏறவில்லை. ஒரு மந்தையைச் செய்தவை அதில் தங்கிய மாடுகள் மட்டுமல்ல. கசாப்புக்குப் போனவையும் அதைச் செய்தவைதாம். எந்தக் கிடேரியை ஏன் ஒதுக்கினார், எந்தக் காளைக்கன்றைக் காயடித்தார், எந்தப் பசுவுக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தார் என்பவை வளர்த்தவரின் அன்றாடத் தீர்ப்புகள். பதிவேடு வெற்றிபெற்ற தீர்ப்புகளின் முடிவை மட்டும் அச்சிட்டது. தீர்ப்பு சொன்ன முறையை அல்ல. படித்தவர்கள் முடிவையே முறை என்று எடுத்துக்கொண்டார்கள். காலிங் நெருங்கிய இரத்தத்தைச் சேர்த்தார் என்பது அச்சில் தெரிந்தது. எத்தனையைக் கழித்தார் என்பது தெரியவில்லை.

இன்னொரு செய்தி. கோட்ஸுக்குப் பின் இந்தப் பதிவேட்டைப் பல ஆண்டுகள் சொந்தமாக வைத்து நடத்தியவர் ஹென்றி ஸ்ட்ராஃபர்ட். அவர் தொழில் கால்நடை ஏலம் விடுவது. வம்சத்துக்குச் சான்று தருபவரும் அந்த வம்சத்தைக் கூவி விற்பவரும் ஒரே ஆள். 1870களில் வளர்ப்போர் சங்கம் அமைத்துப் பதிவேட்டை விலைக்கு வாங்கும்வரை யாரும் இதை விபரீதமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

கர்க்லெவிங்டன்: ஒதுங்க மறுத்தவர்

183 கினிக் கிடேரியை வாங்கிய பேட்ஸுக்கு வருவோம். 1775இல் பிறந்தவர். 1804இலேயே அதே டச்சஸ் குடும்பத்துப் பசு ஒன்றைக் காலிங்கிடம் 100 கினிக்கு வாங்கியிருந்தார். யார்க்ஷயரின் கர்க்லெவிங்டனில் குடியேறியபின் டச்சஸ் ஒன்று, டச்சஸ் இரண்டு என்று எண்ணிட்டுக்கொண்டே போனார். டச்சஸ் என்றால் கோமகள். காளைகளுக்குக் கோமகன் என்று பொருள்படும் டியூக். திருமணம் செய்துகொள்ளவில்லை. மாடுகளிடம் பேசிக்கொண்டிருந்த மனிதர் என்று அவரைப் பற்றிய கதைகள் உண்டு. ஆனால் அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இரண்டு நூல்கள் வழியே வருகிறது: பேட்ஸின் குறிப்புகளிலிருந்தே தாமஸ் பெல் 1871இல் தொகுத்தது ஒன்று, உறவினரான காட்வாலடர் பேட்ஸ் 1897இல் எழுதியது இன்னொன்று. இரண்டிலும் அவர் தோற்பதே இல்லை. அந்த அளவுக்கு எச்சரிக்கையோடுதான் இவற்றைப் படிக்க வேண்டும்.

மறுக்க முடியாதவை சில. 1831இல் பெல்வெடெர் என்ற வெளிக்காளையைக் கொண்டுவந்தார். அதை அதன் மகளான டச்சஸ் 34ஓடு சேர்த்துப் பெற்ற டியூக் ஆஃப் நார்தம்பர்லண்ட், 1839இல் ஆக்ஸ்ஃபர்டில் நடந்த தேசியக் கண்காட்சியில் முதற்பரிசு வாங்கியது. காளைக்கன்று கேட்டு வந்தவர்களுக்கு அவர் விற்றார். டச்சஸ் பசுக்களைக் கைவிடுவது அரிது. 1849 ஜூலையில் இறக்கும்வரை மந்தையோடேயே இருந்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் டச்சஸ் வரிசை 64ஐத்தான் எட்டியிருந்தது. இது குறைந்த எண்ணிக்கை. ஈன்றவை குறைவு, சினைப்பிடிக்காதவை அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம். டார்வின் 1868இல் வெளியிட்ட, வளர்ப்பு விலங்குகளின் மாறுபாடு பற்றிய நூலிலேயே, ஷார்ட்ஹார்ன் மந்தைகளின் உள்ளினச்சேர்க்கையும் மலட்டுத்தன்மையும் விவாதமாகிவிட்டன.

1850 மே 9இல் கர்க்லெவிங்டன் ஏலம். 68 உருப்படிகள், 4,558 பவுண்டு, சராசரி 67 பவுண்டு. கெட்டனின் பாதிகூட இல்லை. டச்சஸ்களில் முக்கியமானவற்றை டியூசி பிரபு வாங்கினார். அவரும் மூன்றே ஆண்டில் இறந்தார். 1853 ஆகஸ்டில் அவருடைய டார்ட்வர்த் ஏலத்தில் டச்சஸ் 66 மட்டும் 700 கினிக்கு நியூயார்க்காரர்களிடம் போயிற்று. அங்கிருந்து கை மாறி மாறி, யூடிகா நகருக்கு அருகில் நியூயார்க் மில்ஸ் என்ற ஊரில் நெசவாலை நடத்திய வால்கட், கேம்பெல் இருவரிடம் ஒரு கூட்டமாகச் சேர்ந்தது. பேட்ஸ் வழி டச்சஸ்களில் வெளிக்கலப்பே இல்லாதவை இவை மட்டும்தான் என்ற நம்பிக்கை பரவியிருந்தது.

அவர்களும் ஒதுங்கினார்கள். 1873 செப்டம்பர் 10இல் நடந்த அந்த ஏலத்தில் 109 உருப்படிகள் ஏறக்குறைய 3,82,000 டாலருக்குப் போயின. எட்டாவது டச்சஸ் ஆஃப் ஜெனீவா என்ற ஒற்றைப் பசுவுக்கு 40,600 டாலர். இங்கிலாந்திலிருந்து வந்தவர்களும் அமெரிக்கர்களும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் கூவினார்கள். எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 18இல், ஜே குக் வங்கி விழுந்து அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி தொடங்கியது. மாட்டுச் சந்தை நிலவரம் தெரிந்த தெய்வம் ஏதோ தேதி குறித்ததுபோல இருக்கிறது.

இந்த விலைகளைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். நான் பார்ப்பது விலை தொழுவத்தில் செய்த வேலையை. 40,600 டாலர் கொடுத்து வாங்கிய பசு சினைப்பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வார்கள்? இன்னும் ஓர் ஆண்டு பார்ப்பார்கள். ஈன்ற கன்று சப்பையாக இருந்தால்? அதுவும் டச்சஸ், கசாப்புக்கடைக்குப் போகாது. வெளிக்காளையைக் கொண்டுவந்து வீரியம் ஏற்றலாமா என்றால், ஏற்றிய மறுநாளே பெயரின் விலை பாதியாகிவிடும். காலிங் கையிலும், ஓரளவு பேட்ஸ் கையிலும், நெருங்கிய சேர்க்கையோடு கழிப்பும் கூடவே இருந்தது. ஏலத்தில் ஏறிய விலை, சேர்க்கையை அப்படியே விட்டுவிட்டுக் கழிக்கும் கையை மட்டும் கட்டிப்போட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டச்சஸ் வரிசை தேய்ந்து இல்லாமற்போனது. அதைக் கெடுத்தவர்கள் என்று யாரையும் சுட்ட முடியாது. எல்லோரும் காப்பாற்றவே முயன்றார்கள்.

காமெட்டின் 0.47ஐ நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நெருங்கிய இரத்தம் மட்டுமே டச்சஸ்களை அழித்தது என்றால் காமெட்டின் சந்ததி அதற்கு முன்பே அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. ரைட்டும் மெக்ஃபீயும் 1925இல் ஆராய்ந்தபோது, ஷார்ட்ஹார்ன் இனம் முழுவதிலும் ஃபேவரிட்டின் இரத்தம் வியக்கத்தக்க அளவு பரவியிருந்தது தெரிந்தது. கெட்டன் மந்தை கலைந்து, கலப்பில் கரைந்து, எங்கும் இருந்தது.

சிட்டிட்டன், 1889

ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் சிட்டிட்டன் பண்ணையை 1837 முதல் நடத்தியவர் ஏமஸ் குரூக்‌ஷாங்க். குவேக்கர் சமயத்தவர், பேச்சுக் குறைவு, இவரும் மணம் செய்யாதவர். அண்ணன் ஆந்தனி நகரத்தில் வியாபாரி, முதலில் கூட்டாளி. ஆயிரம் மைலை ஆயிரம் மணிநேரத்தில் நடந்து பெயர்பெற்ற கேப்டன் பார்க்ளே 1847இல் தன் யூரி பண்ணை மாடுகளை விற்றபோது, அங்கே வாங்கிய பசுக்கள் சிட்டிட்டனின் குடும்பங்கள் சிலவற்றுக்குத் தாய். இங்கேயும் ஒருவரின் முடிவில் மற்றவரின் தொடக்கம்.

ஏமஸுக்குப் பெயர்மீது மயக்கமில்லை. அபர்டீன்ஷயர் குத்தகைக் குடியானவனுக்கு வேண்டியது சீக்கிரம் சதைபிடிக்கிற, குட்டைக்கால், அகன்ற முதுகு மாடு. இங்கிலாந்து முழுதும் அலைந்து காளை வாங்கினார், பல ஏமாற்றின. 1859இல் தன் தொழுவத்திலேயே பிறந்த ஒரு கன்றுக்குச் சாம்பியன் ஆஃப் இங்லண்ட் என்று பெயர் வைத்தார். அது பெயருக்கு நேர்மாறாக, 1861இல் லீட்ஸ் கண்காட்சியில் பரிசு வரிசையில் இடமே பெறவில்லை. அவிழ்த்து விற்றுவிட வேண்டிய காளை. விற்கவில்லை. அதன் கன்றுகள் வளர்வதைப் பார்த்தார், தன் மந்தையை அதைச் சுற்றியே திருப்பினார். சீவால் ரைட் 1922இல் தன் கணக்குமுறையை விளக்க எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, ரோன் கான்ட்லெட் என்ற சிட்டிட்டன் காளை. சாம்பியன் ஆஃப் இங்லண்ட் அதன் வம்சத்தில் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் வருகிறது. ஆக இவரும் நெருங்கிய இரத்தத்தைச் சேர்த்தவரே. கழித்தவரும்கூட.

அண்ணன் 1879இல் இறந்தார். 1889இல், எண்பதைத் தாண்டிய வயதில், ஏமஸ் ஒதுங்கினார். ஏலம் விடவில்லை. மந்தை மொத்தத்தையும் அர்ஜென்டினாவோடு வணிகம் செய்த நெல்சன் நிறுவனத்துக்குத் தனிப்பேச்சில் விற்றார். ஏன் ஏலத்தைத் தவிர்த்தார் என்பதற்குப் பல விளக்கங்கள்: சமய அடக்கம், வயது, கூட்டத்தில் நிற்கப் பிடிக்காத சுபாவம். எனக்கு இன்னொன்றும் படுகிறது. ஏலத்தில் மாடு ஒவ்வொன்றாகப் பிரியும். தனிவிற்பனையில் மந்தை மந்தையாகவே போகும். அரை நூற்றாண்டு சேர்த்ததை ஒன்றாகவே அனுப்பிவைக்க நினைத்தது மனித இயல்பு.

நினைத்தபடி நடக்கவில்லை. அர்ஜென்டினாவின் நிதிநிலை ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரம் அது. மறு ஆண்டு பேரிங் வங்கியையே அது சாயும் நிலைக்குத் தள்ளியது. மந்தை முழுதாகக் கப்பல் ஏறவில்லை. அதே அபர்டீன்ஷயரில் காலினி பண்ணையை நடத்திய வில்லியம் டதி ஒரு பகுதியை வாங்கினார். தெற்கே வில்ட்ஷயரில் டீன் வில்லிஸ் இன்னொரு பகுதியை வாங்கினார். இதற்கு முன்பே கனடாவின் ஒன்டாரியோ வழியாகவும், கான்சாஸில் லின்வுட் பண்ணை நடத்திய ஹாரிஸ் வழியாகவும் சிட்டிட்டன் காளைகள் வட அமெரிக்கப் புல்வெளிகளுக்குப் போயிருந்தன. அடுத்த தலைமுறையில் மாட்டிறைச்சி ஷார்ட்ஹார்ன் என்றாலே சிட்டிட்டன் இரத்தம் என்றாயிற்று. ஏமஸ் 1895இல் இறந்தார். அதற்குள் அவர் மந்தை எங்கும் இல்லை. அதனால்தான் எங்கும் இருந்தது.

எதிர்வாதங்கள்

இந்த ஒப்பீட்டுக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை மறைக்க விரும்பவில்லை. முதலில், விலைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது ஆபத்து. 1810 என்பது நெப்போலியன் போர்க்காலம். தானியமும் இறைச்சியும் உச்சவிலையில் இருந்தன. 1850 என்பது தானியச் சட்டங்களை நீக்கி நான்கே ஆண்டுகள் ஆன, பண்ணைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம். கர்க்லெவிங்டனின் 67 பவுண்டு பேட்ஸின் தோல்விக்குச் சாட்சி ஆகாது. ஆகவே என் வாதத்தில் ஏல விலையை மந்தையின் தரத்துக்கு அளவாக எங்கும் எடுக்கவில்லை. விலை உயர்ந்தபின் அது என்ன செய்தது என்பதை மட்டுமே எடுத்திருக்கிறேன்.

இரண்டாவது வாதம் கடினமானது. கலைந்தும் கரையாமல், பெயரில்லாமல் மறைந்துபோன மந்தைகள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றுக்கு வரலாறு எழுத யாருமில்லை. காலிங்கையும் குரூக்‌ஷாங்கையும் எடுத்துக்கொண்டு ‘கலைவது நல்லது’ என்பது, பிழைத்தவர்களை மட்டும் கேட்டுக் கடல் ஆழமில்லை என்பதற்குச் சமம். ஒப்புக்கொள்கிறேன். அதனால் நான் சொல்வது இன்னும் குறுகியது: கலைந்த மந்தை பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம், பெயரைக் காக்கவென்றே கலையாமல் கட்டிவைத்த மந்தைக்கு, டச்சஸ் வழக்கில் கண்டபடி, அந்த வாய்ப்பே அடைபட்டது.

சிட்டிட்டன் விஷயத்திலும் ஒரு கொக்கி இருக்கிறது. அது கலைந்தது ஏமஸின் திட்டத்தால் அல்ல; வேறொரு கண்டத்துப் பணமுடையால். மந்தை முழுதாக அர்ஜென்டினா போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு விடை சொல்வது கற்பனை. ஆனாலும் இந்தத் தற்செயலிலிருந்து ஒன்று தெரிகிறது: ஒதுங்குபவரின் விருப்பத்துக்கும் மந்தையின் பின்வாழ்வுக்கும் நேரடித் தொடர்பில்லை.

உறைவிந்துக் காலம்

இன்று பிரிட்டனில் வம்சாவளி மாடு வளர்ப்பவர் ஒதுங்கும்போது நடப்பது வெளித்தோற்றத்தில் பழையபடிதான். விவரப் பட்டியல் அச்சிடுவார்கள், மாடுகளைக் கழுவிச் சீவி வளையத்தில் சுற்ற விடுவார்கள், கினியில் கூவுவார்கள். மாட்டின் பெயருக்கு முன் பண்ணையின் பெயர் முன்னொட்டாக நிற்கும். மாடு எத்தனை கை மாறினாலும் அந்த முன்னொட்டு மாறாது. ஆக ஒதுங்கியவரின் பெயர் அவர் பார்த்தறியாத தொழுவங்களில் இன்னும் சில ஆண்டுகள் கட்டியிருக்கும்.

உள்ளே மாறியிருப்பது இரண்டு. வளர்ச்சி, ஈற்று எளிமை, சதைக்கட்டு ஆகியவற்றைக் கணிப்பு மதிப்பாகப் பட்டியலிலேயே அச்சிடுகிறார்கள். பழைய பதிவேடு விட்ட இடைவெளியில் ஒரு பகுதியை இது நிரப்புகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொன்று உறைவிந்து. பூஜ்யத்துக்குக் கீழ் 196 பாகையில் திரவ நைட்ரஜனில் வைத்த குச்சிகளில், செத்துப் பல ஆண்டான காளை கன்று போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒதுங்குபவர் மாட்டை விற்றுவிட்டுக் குப்பியை வைத்துக்கொள்ளலாம். பேட்ஸுக்கு இது கிடைத்திருந்தால் டச்சஸ்கள் இன்றும் இருந்திருக்கக்கூடும், அதே குறைகளோடு.

விற்க வாய்ப்பே இல்லாமல் முடிந்தவர்களும் உண்டு. 2001இல் கோமாரி நோயைத் தடுக்க பிரிட்டனில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். தலைமுறைகளாகப் பதிவில் இருந்த மந்தைகள் ஓரிரு நாளில் தீர்ந்தன. பதிவேட்டில் பெயர்கள் ஒன்றும் குறையவில்லை.

கடைசியாக, லேடி என்ற அந்தக் கிழப்பசுவின் பிரச்சினை திரும்பி வந்த கதை ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் மேன், ஆன்ஷு பகுதிகளில், உள்ளூர் மான்செல் மாட்டோடு இங்கிலாந்திலிருந்து கொண்டுபோன ஷார்ட்ஹார்ன் காளைகளைச் சேர்த்து ஓர் இனம் உருவாக்கினார்கள்; மேன்-ஆன்ஷு என்று பெயர். கலைந்த ஆங்கில மந்தைகளின் இரத்தம் அதில் ஓடியது. 1970களில் பிரிட்டனின் இறைச்சி ஷார்ட்ஹார்ன் சிறுத்து, சந்தையில் மதிப்பிழந்து நின்றபோது, நூற்றைம்பது ஆண்டுகள் தூய்மைக்குக் காவல் நின்ற பதிவேட்டைத் திறந்து, மேன்-ஆன்ஷு இரத்தத்தை உள்ளே விடச் சங்கமே அனுமதித்தது. அப்படிப் பிறந்த கன்றுகளுக்கு யாரும் ‘அல்லாய்’ என்று பெயர் வைக்கவில்லை.